திபேரியஸ் ராஜாவும் என் மகன் அரைஞாணும்!

ராத்திரி பத்தரை மணி. நாளைக்கு மேனேஜரிடம் என்ன பொய் சொல்லி அரை நாள் லீவ் வாங்குவது என்ற தீவிர ஆராய்ச்சியில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். செல்போன் 'டிங்' என்றது. இங்கிலாந்திலிருந்து என் சிநேகிதன்.

ஆபீஸில் ஏழு வருஷம் எனக்குப் பக்கத்து சீட். டீக்கடைக் கணக்கில் எனக்கு நூற்றி எண்பது ரூபாய் பாக்கி வைத்துவிட்டு விமானம் ஏறியவன். இப்போது போர்ட்ஸ்மவுத் என்ற ஊரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கூலிங்கிளாஸ், குளிருக்கு கோட்டு, பின்னால் ஒரு மாபெரும் கல் மதில். மதிலுக்கு அப்பால் கடல்.

கீழே ஒரு வரி. "போர்ட்செஸ்டர் கோட்டை. ரோமாபுரிக்காரன் கட்டினது. 1,700 வருஷம் ஆச்சு. கோயமுத்தூர்ல என்னடா இருக்கு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டை நானே ஆயிரம் திட்டுவேன். அதற்காக ஊரை விட்டுப் போனவன் திட்டலாமா?

"போடா! ரோமாபுரியே எங்க வெள்ளலூர்லதான் புதைஞ்சு கிடக்கு" என்று தட்டிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. "போட்டோ அனுப்பு, பார்க்கலாம்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் அவன் கோட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் பலத்தைக் குறைத்துச் சொல்வது கொங்குநாட்டுக்காரனுக்கு அழகல்ல. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கடற்கொள்ளைக்காரர்கள் தொல்லை தாங்காமல் ரோமானியர்கள் பிரிட்டனின் தெற்கு, கிழக்குக் கரைகளில் வரிசையாகக் கோட்டைகளை எழுப்பினார்கள். அதில் ஒன்று போர்ட்செஸ்டர். மதில் உயரம் சுமார் இருபது அடி, கனம் பத்து அடி. நாலு பக்கமும் இன்றைக்கும் நிற்கிறது. பிற்பாடு வந்த நார்மானிய ராஜாக்கள் அதன் ஒரு மூலையிலேயே தங்கள் கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே ஒரு சர்ச் வந்தது. நெப்போலியன் சண்டையில் பிடிபட்ட பிரெஞ்சு கைதிகளை அடைத்து வைத்தார்கள். இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். புல்லைக்கூட ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து "ஆஹா" என்கிறார்கள்.

கவனியுங்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள். நம்மூர் ரோமாபுரியைப் பார்க்க நாம் குனிய வேண்டியிருக்கிறது. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்த கதைதான் இது.

முதல் ஞாயிறு வெள்ளலூர்.

கோயமுத்தூர்க்காரரிடம் வெள்ளலூர் என்று சொன்னால் ஒரு கை தானாக மூக்குக்குப் போகும். மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு அங்கேதான். மாநகரமே தின்று போட்டது, உடுத்திப் போட்டது, உடைத்துப் போட்டது எல்லாம் அங்கே மலையாகக் கிடக்கிறது. 2024-ல் அது தீப்பிடித்து எரிந்தபோது வந்த புகையை மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த வெள்ளலூரில்தான் 1842-ல் ஒரு பானை கிடைத்தது. உள்ளே 522 வெள்ளிக் காசுகள். எல்லாம் ரோமானிய டினாரியஸ். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு சக்கரவர்த்திகளின் தலை போட்டவை. அதோடு விட்டதா? 1891-ல் மறுபடி ஒரு புதையல். 1931-ல் இன்னொன்று. 'லாட்டரியில் ஒரே ஆளுக்கு மூன்று தரம் முதல் பரிசு' மாதிரி!

திபேரியஸ் யார் என்கிறீர்களா? இயேசுநாதரைச் சிலுவையில் அறைந்த காலத்தில் ரோமாபுரி சிம்மாசனத்தில் இருந்தவர். பைபிளில் இயேசுவிடம் கொண்டுவந்து காட்டப்படும் வரிக் காசு இந்த திபேரியஸ் டினாரியஸ்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த ரகக் காசு நம் சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் கிடந்திருக்கிறது.

எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில் கடவுள் நமக்காகத் திறந்து வைத்த ஒரே பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கரையில் முசிறித் துறைமுகம். அங்கே கப்பலிலிருந்து இறங்கிய காசு, பொதிமாட்டு முதுகில் கணவாய் வழியாக நுழைந்து, நொய்யல் கரையோடு வெள்ளலூர், சூலூர், காத்தாங்கண்ணி, கொடுமணல் என்று கிழக்கே நடந்து கரூர் சேரும். கொங்கப் பெருவழி என்று அதற்குப் பெயர். சும்மா ஏட்டில் இருக்கிற பெயர் என்று நினைக்காதீர்கள். பிற்காலத்தில் ராஜகேசரிப் பெருவழி என்று சோழர்கள் பெயர் வைத்த பாதையின் கல்வெட்டு இன்றும் சுண்டக்காமுத்தூரில் பாறையில் இருக்கிறது. அந்தக் காலத்து நேஷனல் ஹைவே. ஒரே வித்தியாசம், பாஸ்டேக் கிடையாது.

வெள்ளலூரில் தேனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பவ்யமாகக் கேட்டேன். "ஏனுங்க, இங்க ரோமானியக் காசு கிடைச்ச இடம் எதுங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோமுங்களா? ரூமுங்களா? ரூமு வேணுமுன்னா அந்தத் தெருக்கோடியில ஒரு வீடு காலியா இருக்குதுங்க. அட்வான்ஸ் அம்பதாயிரம் கேக்கறாங்க."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காசுகள் மியூசியங்களுக்குப் போயாகிவிட்டது. பானை உடைந்துவிட்டது. மண் மேலே வீடும், தோட்டமும், ரோடும் வந்தாகிவிட்டது. போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை. குப்பை மேட்டைத்தான் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு என் மானம் இடம் தரவில்லை.

வெறுங்கையோடு திரும்பும் வழியில் சூலூர்ப் பக்கம் என் அம்மாயி வீட்டுக்குப் போனேன். அம்மாவைப் பெற்ற பாட்டியைக் கொங்குநாட்டில் அம்மாயி என்போம். வயது எண்பத்தெட்டு. காது கொஞ்சம் மந்தம். ஞாபகம் மட்டும் கம்ப்யூட்டர்.

"எங்க கண்ணு போயிட்டு வாற, மொகமெல்லாம் வாடிக் கிடக்குது?"

விஷயத்தைச் சொன்னேன். ராஜா தலை போட்ட வெள்ளிக் காசு, பானை, புதையல் என்று கத்திக் கத்தி விளக்கினேன். அம்மாயி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"இதுக்குத்தானா வெய்யில்ல திரிஞ்சே? உன்ற அப்புச்சியோட அப்பாரு கெணறு வெட்டறப்ப ஒரு மொடா நெறைய எடுத்தாராமே! மூக்கு நீட்டமா ஒரு ஆளு தலை போட்டிருந்துச்சாம். தாது வருசத்துப் பஞ்சம் முடிஞ்ச சமயம்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. "எங்க அம்மாயி அது?"

"எங்கியா? பாதியக் குடுத்து கம்பும் சோளமும் வாங்குனாங்களாம். மீதிய ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கித் தண்டை அடிச்சாங்க. அந்தத் தண்டைய நானும் போட்டிருந்தேன். உன்ற அம்மா பொறந்தப்ப அத அழிச்சு அரைஞாண் பண்ணினோம். அதத்தான உம் பையனுக்குப் போட்டு உட்டேன்!"

ஈஸ்வரா! என் வீட்டு பீரோவில், பழைய பட்டுப்புடவைக்கு அடியில், சிகப்புப் பட்டு நூல் கட்டி வைத்திருக்கும் அந்த வெள்ளி அரைஞாணா? அன்று ராத்திரியே அதை எடுத்து, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு கிராம். திபேரியஸ் காலத்து டினாரியஸ் ஒன்று சுமார் 3.8 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் காசு! ரோமாபுரிச் சக்கரவர்த்தி பத்துத் தலையோடு ராவணனாட்டம் உருகி, என் மகன் இடுப்பில் ஒரு வருஷம் கிடந்திருக்கிறார். அவன் அதோடு செய்த அட்டகாசங்களை இங்கே விவரித்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை சார் இது. புதையலுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 1878-ல் வெள்ளைக்காரன் போட்டது. அதாவது தாது வருஷப் பஞ்சம் முடிந்த சூட்டோடு சூடாக. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (பத்து ரூபாய்தான். இன்றைக்கு அதற்கு ஒரு டீகூட வராது.) மறைத்தால் ஒரு வருஷம் வரை உள்ளே போகலாம், பங்கும் போய்விடும். ஆக, என் வம்சத்தில் ஒருவர் கம்பி எண்ணியிருக்க வேண்டியவர்.

ஆனால் அதே சட்டத்தில் யாரும் நம்மிடம் எடுத்துச் சொல்லாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதையலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே எடுத்துக்கொள்வதாக இருந்தால், அந்த உலோகத்தின் மதிப்போடு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். ஆசாரி தருவதைவிட சர்க்கார் அதிகம் தர வேண்டும் என்பதுதான் சட்டம்! தாலுகா ஆபீஸ் படி ஏறப் பயந்து நாம் ஆசாரி வீட்டுப் படி ஏறியிருக்கிறோம்.

மறுநாள் போனில் இதை அம்மாயியிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அந்தக் காசுகளை உருக்காமல் விட்டிருந்தால் எத்தனை சரித்திரம் தெரிந்திருக்கும், எந்த வருஷத்துக் காசு, கூட வேறு என்ன இருந்தது என்றெல்லாம் பொரிந்தேன்.

அம்மாயி அமைதியாகக் கேட்டாள். "அந்தக் கம்பு வாங்கலீன்னா உன்ற அப்புச்சிக்கு அப்பன் பொழச்சிருப்பாரா? நீ எங்கிருந்து கண்ணு வந்திருப்பே?"

லைனைக் கட் பண்ணிவிட்டேன். வேறு என்ன செய்ய?

உடுமலைப் பக்கம் பூதிநத்தம், நொய்யல் கரையில் காத்தாங்கண்ணி, பொள்ளாச்சி, கரூர் என்று கொங்குநாட்டில் புத்தகங்களில் பதிவான ரோமானியப் புதையல்கள் ஒரு வரிசை இருக்கின்றன. எனக்கு இப்போது அந்தப் பட்டியலைப் படித்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. பதிவாகாமல் தண்டையாக, கொலுசாக, அரைஞாணாகப் போன பானைகள் எத்தனை?

இரண்டாவது ஞாயிறு கொடுமணல்.

துணைக்கு எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் தம்பி. அவன்தான் பைக், அவன்தான் பெட்ரோல், நான் டிபன் செலவு என்று ஒப்பந்தம். (ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கித் தர வேண்டும் என்று பாதி வழியில் ஷரத்தை மாற்றினான்.) சென்னிமலையிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர், நொய்யலின் வடகரையில் சாதுவான ஒரு கிராமம். ஆடு, தென்னை, சோளக்காடு.

பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். அழகிய கல் அணிகலன்களுக்குப் பேர் போன ஊர். புலவர் பொய் சொல்லவில்லை என்பதை மண் நிரூபித்தது. ஈரோட்டுப் புலவர் செ. இராசு போன்றவர்கள் இந்த ஊரைப் பற்றி ஓயாமல் சொல்லி வந்தார்கள். 2023-ல் அவர் காலமானார். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியது. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் இருவர் பெயரையும் இந்த ஊர்ப் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அப்புறம் புதுவைப் பல்கலைக்கழகம் வந்தது, மாநிலத் தொல்லியல் துறை வந்தது.

கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு முழுத் தொழிற்பேட்டை! நீலக்கல், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாவற்றையும் அறுத்து, பட்டை தீட்டி, துளை போட்டு மணியாக்கியிருக்கிறார்கள். முடிந்த மணி, பாதி முடிந்த மணி, துளை போடும்போது உடைந்து தொலைந்த மணி என்று அத்தனை கட்டத்திலும் சாமான் கிடைத்திருக்கிறது. இரும்பு உருக்கிய உலை இருந்திருக்கிறது. நூல் நூற்ற தக்களி வட்டுகள் இருந்திருக்கின்றன. ஆப்கானிஸ்தான் பக்கத்து நீலக்கல்லான லாபிஸ் லாசுலிகூட வந்திருக்கிறது. ஒரே ஒரு ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள்! பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்து, ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். ஆதன், பண்ணன் என்று சாதாரணப் பிரஜைகள் தங்கள் சட்டி பானையில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். நம் ஆபீஸில் டிபன் பாக்ஸ் மூடியில் பெயர் பொறிக்கிற அதே வழக்கம். ஒரு ஓட்டில் 'நிகம' என்ற சொல்கூட இருக்கிறது. வணிகர் சங்கம் என்று பொருள். சேம்பர் ஆஃப் காமர்ஸ் வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காங்கயம் பக்கம் படியூர். பச்சைக்கல் சுரங்கம் இருந்த ஊர். 1819-20-ல் ஒரு வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்து இரண்டாயிரத்துச் சொச்சம் கல் எடுத்தார் என்று பதிவு இருக்கிறது. ரோமாபுரிச் சீமாட்டிகள் இந்தியப் பச்சைக்கல் என்றால் உயிரை விட்டார்கள். பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், 'வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சுகிறதே' என்று முதல் நூற்றாண்டிலேயே புலம்பியிருக்கிறார். பெண்டாட்டியின் நகைச் செலவு பற்றிப் புலம்பிய முதல் புருஷர் அவர் இல்லை, கடைசிப் புருஷரும் இல்லை. ஆனால் அந்தப் புலம்பலில் நம் நொய்யல் கரைக்கு ஒரு பங்கு உண்டு.

நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. எகிப்து நாட்டில் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு ரோமானியத் துறைமுகம். 1995-ல் அங்கே கிடைத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமியில் ஒரு தமிழன் பெயர். அதே ஊர்க் கோயிலில் ஒரு இந்திய ஜாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு. வெளிநாட்டு வேலைக்குப் போன முதல் ஆள் என் டீக்கடைப் பாக்கிக்காரன் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

இத்தனையும் படித்துவிட்டு, காமிராவை உயர்த்திக்கொண்டு கொடுமணல் காட்டில் நின்றேன். எதிரே ஒரு காடு. அவ்வளவுதான். வெற்றுச் செம்மண். வட்டம் வட்டமாகக் கற்கள் கிடந்தன. அவை ஈமச் சின்னங்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். குனிந்து பார்த்தால் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள்.

"அகழாய்வு பண்ணின குழி எங்கங்க?" என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"அதையெல்லாம் மூடிப் போட்டாங்க சாமி. அத்தனை பாடுபட்டுத் தோண்டிப் போட்டு மறுக்கா எதுக்கு மூடோணும்? என்னமோ மறைக்கிறாங்கன்னு எங்கூர்ல பேசிக்கறாங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் புரிந்தது. மூடுவதுதான் பாதுகாப்பு! கல் மதில் மழையில் நிற்கும். மண் சுவர் நிற்குமா? ஆயிரக்கணக்கான வருஷம் காற்றுப் படாமல் கிடந்ததைத் திறந்து போட்டால் இரண்டு ஐப்பசி மழையில் சரிந்து சேறாகிவிடும். அதனால் அளந்து, வரைந்து, படம் எடுத்து, சாமான்களை எடுத்துக்கொண்டு, குழியை மண் போட்டு மூடிவிடுவார்கள். முழுவதையும் தோண்டவும் மாட்டார்கள். நாளைக்கு நம்மைவிடப் புத்திசாலி ஒருத்தன், நம்மிடம் இல்லாத கருவியோடு வருவான், அவனுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பது கணக்கு.

பெரியவருக்கு இதை விளக்கினேன். தலையாட்டினார். "அது செரிங்க. ஆனா காட்டுக்காரங்களுக்குப் பயமிருக்குதுங்களே! ஓடு கெடைச்சுது, மணி கெடைச்சுதுன்னு வெளிய சொன்னா, காட்டையே எடுத்துக்குவாங்களோன்னு. அதனால கெடைச்சாலும் வரப்போரமாத் தூக்கிப் போட்டுட்டு உழவு ஓட்டீருவாங்க."

அவர் சொன்னதில் நியாயமான பயமும் இருக்கிறது, தப்பான எண்ணமும் இருக்கிறது. மத்திய அரசின் 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு இடம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால், 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு மேல் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மாநில அரசுக்கும் 1966-ல் ஒரு சட்டம் உண்டு. ஆனால் 'அறிவிக்கப்பட்டால்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அறிவிப்பு வராத மேட்டை நாளைக்கு ஜே.சி.பி. வந்து வழித்தால் ஏன் என்று கேட்க நாதி இல்லை. கொங்குநாட்டில் இப்படி எத்தனை மேடு! கல்வட்டத்துக் கல் அஸ்திவாரத்துக்குப் போகிறது, மேட்டு மண் செங்கல் சூளைக்குப் போகிறது. யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை. தெரியாமல்தான் போகிறது. அரைஞாண் போன மாதிரி.

நொய்யலையும் எட்டிப் பார்த்தேன். பெருவழிக்குத் துணையாக ஓடிய ஆறு. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகிப் போனதும், 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்குள் போக வேண்டாம். போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

கிளம்பும்போது டெஸ்பாட்ச் தம்பியின் பேன்ட் பாக்கெட் புடைத்திருந்தது. "என்னடா அது?"

"சும்மா ஒரு ஓடுண்ணா. கோடு கோடா கீறியிருக்கு. டி.வி. மேல வைக்கலாம்னு..."

"எடுத்த இடத்துலயே வை."

"ஏண்ணா, ஆயிரம் கெடக்குதே, ஒண்ணு போனா என்ன?"

அவனுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? கடைசியில் ஆபீஸ் பாஷையிலேயே சொன்னேன். "ஒரு பைல்ல இருந்து நடுவுல ஒரு தாளை உருவி, நம்பரும் தேதியும் கிழிச்சுட்டு உன் மேஜை மேல வச்சா, அதுக்கு என்னடா மரியாதை? பைல்ல இருக்கற வரைக்கும்தான் அது ரிக்கார்டு. உருவிட்டா பொட்டலம் கட்டற பேப்பர்."

டெஸ்பாட்ச் தம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. முனகிக்கொண்டே அரைப் பர்லாங் திரும்பி நடந்து, எடுத்த இடத்தைத் தேடி வைத்துவிட்டு வந்தான். அதற்குள் ஊத்துக்குளி வெண்ணெய்க் கடை மூடிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் அவனுக்கு என் மேல் இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு கரூர். என் மானத்தைக் காப்பாற்றியது கரூர்தான்.

கரூரில் அமராவதி ஆற்று மணலை அலசிப் பிழைக்கிறவர்கள் இருந்தார்கள். தங்கத் தூள், உடைந்த நகை என்று ஏதாவது கிடைக்காதா என்று சல்லடை போடுவார்கள். அந்தச் சல்லடையில் பச்சைக் களிம்பு ஏறிய சின்னச் சின்னச் செப்புக் காசுகள் மாட்டின. சுண்டு விரல் நகம் அளவுதான். யாரும் மதிக்கவில்லை. பழைய செம்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை விலை கொடுத்து வாங்கி, சுத்தம் செய்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். சேர மன்னர்களின் காசுகள் கிடைத்தன. ரோமானியக் காசு பாணியில் தலை பொறித்து 'மாக்கோதை' என்று தமிழ்-பிராமியில் எழுதிய வெள்ளிக் காசு அவற்றில் ரொம்பப் பிரசித்தம். கூடவே பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளும் ஏராளம். கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1994-ல் அவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். 2021-ல் அவர் மறைந்தார். அவர் கண்ணில் படாமல் இருந்திருந்தால் அந்தக் காசுகள் எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் அண்டாவாக மாறி இன்றைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்.

4-ஆம் நூற்றாண்டு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. போர்ட்செஸ்டர் கோட்டையில் ரோமானியச் சிப்பாய் காவல் காத்த அதே காலம்! அந்தக் குளிரில் மதில் மேல் நடந்தவன் மடியில் இருந்ததும், அமராவதி மணலில் கிடந்ததும், கான்ஸ்டன்டைன் வம்சத்து ராஜாக்களின் தலை போட்ட ஒரே ஜாதிச் செப்புக் காசு. சாம்ராஜ்யத்தின் வடமேற்கு மூலையில் கடலைப் பார்த்து ஒரு கோட்டை. சாம்ராஜ்யத்துக்கு வெளியே எங்கேயோ, கடல் தாண்டி மலை தாண்டி, கரூர்க் கடைவீதி. இரண்டு இடத்துக்கும் ஒரே சில்லறை!

அமராவதிப் பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். மணல் இருந்த இடத்தில் முள்ளுச்செடிதான் அதிகம் தெரிந்தது. தமிழ்நாட்டு ஆற்று மணல் எங்கே போனது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் எத்தனை கான்ஸ்டன்டைன்கள் கான்கிரீட்டில் கலந்து எந்த அபார்ட்மென்ட்டின் பில்லருக்குள் நிற்கிறார்களோ! ஒருவேளை உங்கள் வீட்டு மொட்டை மாடியில்கூட ஒரு ரோமாபுரிச் சக்கரவர்த்தி இருக்கலாம். தட்டிப் பார்க்க வேண்டாம். ஹவுஸ் ஓனர் கோபித்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து சிநேகிதனுக்குப் போட்டோ அனுப்பினேன். வேறு எதுவும் இல்லை, கொடுமணல் காடுதான். செம்மண், கல்வட்டம், ஓரத்தில் டெஸ்பாட்ச் தம்பியின் பைக்.

ஐந்து நிமிஷத்தில் பதில். "சைட் நல்லா இருக்கே! சென்ட் என்ன விலை சொல்றாங்க?"

நான் சிரிக்கவில்லை. அவன் அறியாமல் கேட்ட கேள்வி, அறிந்தே கேட்கிற ஆட்கள் நம்மூரில் நிறைய. அவன் கோட்டையைப் பார்த்து யாரும் சென்ட் விலை கேட்க மாட்டார்கள். நம் கோட்டை காலி மனை மாதிரி இருக்கிறதே, அதுதான் அதன் தலையெழுத்து. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து வெள்ளலூர், கொடுமணல், கரூர், அரைஞாண் என்று அத்தனையும் அவனுக்கு எழுதினேன். மேனேஜருக்கு எழுதும் லீவ் லெட்டரைத் தவிர, இவ்வளவு உருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் என் பேங்க் கணக்கில் நூற்றி எண்பது ரூபாய் விழுந்தது. குறிப்பு என்ற இடத்தில், 'ரோமாபுரி பாக்கி' என்று போட்டிருந்தான்.

அதே வாரம் என் சம்சாரம் பீரோவைச் சுத்தம் செய்தாள். "ஏனுங்க, இந்தக் கறுத்துப்போன அரைஞாண் எதுக்கு? வெள்ளி விலை ஏறிக் கிடக்குது. கடையில போட்டுட்டு ஒரு குங்குமச் சிமிழ் வாங்கிக்கலாமுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். மூக்கு நீண்ட தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. முப்பத்தெட்டு கிராம் வெள்ளி. எந்த மியூசியமும் வாங்காது.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன, உங்க ராசா கோவிச்சுக்குவாரா?"

"தை மாசம் உன் தங்கச்சிக்குக் குழந்தை பிறக்குமில்லை? அதுக்குப் போடலாம்."

அவள் அதை மறுபடி சிகப்பு நூலில் முடிந்து, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். கூடவே, கிணறு, மொடா, தாது வருஷம் என்று அம்மாயி சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு நான் செருகி வைத்தேன்.